தமிழில் பிரசங்கம் செய்யத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளில் லே பிரீச்சர்களும் (போதகர் பட்டம் பெறாமல் பிரசங்கிக்கிறவர்கள்) வாலிபர் தலைவர்களும், பகலில் வேலைக்குப் போய் இரவில் பிரசங்கம் தயாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறோம்.

விளக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரே பகுதியை எடுத்துக்கொண்டோம்: லூக்கா 18:9-14. இரண்டு பேர் ஆலயத்துக்கு ஜெபம்பண்ணப் போகிறார்கள். நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் சொல்லி நன்றி செலுத்துகிறான். வரி வசூலிக்கும் ஆயக்காரன் தூரத்தில் நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, இரக்கம் கேட்கிறான். இரண்டாமவன்தான் நீதிமானாக வீடு திரும்பினான் என்கிறார் இயேசு.

1. பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கணும்? எங்க சபையில 45 நிமிஷம் பேசினாத்தான் பிரசங்கம்னு நினைக்கிறாங்க.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு 20 நிமிடம். அனுபவம் வந்த பிறகு 25, 30 வரை போகலாம். 45 நிமிடம் கேட்கவைக்கிறவர்கள் உண்டு, ஆனால் அவர்களிடம் 45 நிமிடத்துக்கான சரக்கு இருக்கிறது. மற்றவர்கள் 20 நிமிடச் சரக்கில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலி மறையுரையின் அளவே வேறு. போப் பிரான்சிஸ் 2024 ஜூனில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றே சொன்னார். திருப்பலியில் மறையுரை ஆற்றுவதும் குருவும் திருத்தொண்டரும்தான் என்பதால், அங்கே பொதுநிலையினர் இந்தக் குறிப்புகளை ஜெபக்கூட்டங்களுக்கும் அன்பியக் (அக்கம்பக்கத்துச் சிறு குழு) கூட்டங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதியது எத்தனை நிமிடம் வரும் என்று ஆங்கிலக் கணக்கை வைத்துப் பார்க்காதீர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130, 140 சொற்கள் என்பார்கள். தமிழில் விகுதியும் உருபும் ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லே நீளமாகிவிடுவதால் எண்ணிக்கை குறையும். உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்தை மேடைக் குரலில் வாய்விட்டு வாசித்து, கைப்பேசியில் நேரம் பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. மேடையில் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சபைகளில் உங்கள் ஆராதனை முடிந்ததும் அதே மண்டபத்துக்கு இன்னொரு ஆராதனைக்காரர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். நேரம் தாண்டினால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பிரசங்கிக்கிறீர்கள்.

2. எந்த வசனத்துல பேசறதுன்னே தெரியல. ஆவியானவர் கொடுக்கட்டும்னு சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கலாமா?

செவ்வாய்க்கிழமையும் ஆவியானவர் பேசுவார். திருச்சபை நாட்காட்டியைப் பின்பற்றும் சபையானால் வேலை எளிது: மூன்று வருடச் சுழற்சியில் வாசிப்புகள் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். 1992-ல் வெளிவந்த பொது வாசிப்பு அட்டவணையில் மேலே சொன்ன லூக்கா பகுதி மூன்றாம் வருடத்தில், அக்டோபர் கடைசியில் வருகிறது. நாட்காட்டி இல்லாத சபையானால் ஒரு சிறு நிருபத்தையோ ஒரு நற்செய்தியின் சில அதிகாரங்களையோ தொடராக எடுங்கள். தனித்தனி வசனமாகப் பிடித்துக்கொண்டு போகிறவர் ஒரு வருடத்தில் தனக்குப் பிடித்த நான்கு விஷயங்களையே சுற்றிச் சுற்றி வருவார். அது அவருக்குத் தெரியாது, சபைக்குத் தெரியும்.

3. வேலைக்குப் போயிட்டு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றேன். வாரம் முழுக்க எப்படித் தயாரிக்கிறது?

மொத்தம் எட்டு மணி நேரம் போதும். ஒரே இரவில் எட்டு மணி நேரம் போதாது. பகுதி மனத்தில் ஊற நாள் வேண்டும்.

திங்களும் செவ்வாயும் வாசிப்பு மட்டும். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம். பகுதியைக் குறைந்தது ஆறு முறை, இரண்டு மொழிபெயர்ப்பில் வாசியுங்கள். முன்னும் பின்னும் உள்ளதையும் சேர்த்து வாசியுங்கள். லூக்கா 18-ல் இந்த உவமைக்கு முன் விடாமல் கேட்ட விதவை வருகிறாள், பின்னால் குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். கேட்பதைத் தவிர கையில் ஒன்றும் இல்லாதவர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், நடுவில் பரிசேயன் தன் பட்டியலோடு. ஒன்பதாம் வசனத்தைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது: தங்களை நீதிமான்கள் என்று நம்பி, மற்றவர்களை அற்பமாக எண்ணினவர்களுக்கு.

புதன்கிழமை வினைச்சொற்களைக் கோடிடுங்கள். தமிழில் இது கண்ணில் அறைகிற மாதிரித் தெரியும். பரிசேயன் பேசுகிற வினைகளெல்லாம் தன்மையில் முடிகின்றன: ஸ்தோத்திரிக்கிறேன், உபவாசிக்கிறேன், செலுத்திவருகிறேன். ஆயக்காரனுடைய ஒரே வினை தேவனைப் பார்த்து நிற்கிறது: ‘கிருபையாயிரும்’. ஒருவன் ஜெபத்தில் செய்கிறவன் அவனே. மற்றவன் ஜெபத்தில் செய்ய வேண்டியவர் தேவன். இதைக் கண்டுபிடிக்கக் கிரேக்கம் தேவையில்லை, பென்சில் போதும். பிறகு பின்னணியைப் பாருங்கள். நியாயப்பிரமாணம் கட்டாயமாக்கிய உபவாசம் வருடத்தில் ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருக்கிறான். ஆக அவன் போலி இல்லை, கேட்டதற்கு மேலேயே செய்கிறவன்.

வியாழக்கிழமை ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘தாழ்மையாக இருக்க வேண்டும்’ என்பது வாக்கியம் ஆகாது. அதை வேதாகமத்தின் ஐம்பது பகுதிகளில் ஒட்டலாம். ‘தேவனிடம் கணக்குக் காட்டப் போனவன் கணக்கோடு திரும்பினான், இரக்கம் கேட்கப் போனவன் நீதிமானாகத் திரும்பினான்’ என்பது இந்தப் பகுதியில் மட்டுமே ஒட்டும். அதுதான் சோதனை. இந்த வாக்கியம் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தால், இணைவசனங்களாகத் தேடித் தேடி நிரப்புவீர்கள். பதினைந்து வசனம் புரட்டவைக்கும் பிரசங்கங்களில் பெரும்பாலானவை வியாழக்கிழமை தவறிப் போனவை. வெள்ளி எழுதுவதற்கு. சனிக்கிழமை நின்றுகொண்டு இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கு இடறுகிற வாக்கியங்களை உடையுங்கள்.

4. எழுதி வச்சு வாசிச்சா உயிரில்லாம இருக்குன்னு சொல்றாங்க. குறிப்பு மட்டும் வச்சா நடுவுல மறந்துடுது.

முழுவதும் எழுதுங்கள், முழுவதையும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் மூன்று வாக்கியம், கடைசி மூன்று வாக்கியம், அந்த ஒரே வாக்கியம் இவற்றை எழுதியபடியே வைத்துக்கொண்டு, மற்றதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் குறிப்பாக மாற்றுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முடிவை எழுதாதவர் ‘கடைசியாக’ என்று மூன்று முறை சொல்வார்.

5. பழைய வேதாகமமா, புது மொழிபெயர்ப்பா? பழையதை மாத்தினா பெரியவங்க கோபப்படறாங்க.

நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் தயாராகி, முழு வேதாகமமாக 1871-ல் முடிந்தது. பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்வது அதைத்தான். 1995-ல் வந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பு, கத்தோலிக்கர் அன்றாடம் வாசிப்பது. ஆயக்காரன் அதில் ‘வரிதண்டுபவர்’, ‘கிருபையாயிரும்’ என்பது ‘இரங்கியருளும்’. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இரண்டாவது எளிதில் பிடிபடும்.

சபை எதைக் கையில் வைத்திருக்கிறதோ அதையே வாசியுங்கள். மற்றதை விளக்கத்துக்கு எடுங்கள்: ‘வேறொரு மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது’ என்று ஒரு தடவை சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. திரையில் ஒன்று, உங்கள் வாயில் ஒன்று, அவர்கள் மடியில் ஒன்று என்று மூன்று விதமாகப் போனால் மட்டும் கவனம் சிதறும்.

6. மேடையில செந்தமிழ் பேசணுமா, பேச்சுத்தமிழா?

வேதம் வாசிப்பது எழுத்துத்தமிழில், பிரசங்கிப்பது நல்ல பேச்சுத்தமிழில். ‘இயேசு அவரப் பாத்து என்ன சொல்றாரு?’ என்று கேட்பதால் மரியாதை குறைந்துவிடாது. இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தரமான பேச்சுத்தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டில் கேட்காத, பள்ளியில் பேசாத மூன்றாவது ஒரு தமிழை மேடையில் மட்டும் கேட்டால் அவர்கள் அதைச் சடங்கு மொழியாக ஒதுக்கிவிடுவார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இந்த வாரம் கேட்கும் நீளமான தமிழ்ப் பேச்சு உங்களுடையது மட்டுமாக இருக்கலாம்.

பேச்சுத்தமிழ் என்றால் ஆங்கிலத்தைக் கொட்டுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ‘காட் நம்மள பிளெஸ் பண்ணி கைட் பண்ணுவாரு’ என்பதில் தமிழ் ‘பண்ணு’வதற்கு மட்டும் இருக்கிறது. பஸ், லிஃப்ட், போன் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தேவன் செய்கிற காரியங்களுக்குத் தமிழில் வினைச்சொல் இருக்கிறது.

7. ‘உக்கிராணக்காரன்’, ‘ஆயக்காரன்’, ‘சேஷ்டபுத்திரபாகம்’ எல்லாம் யாருக்குப் புரியுது? மாத்திச் சொல்லிடலாமா?

மூன்று வகையாகப் பிரியுங்கள். கிருபை, இரட்சிப்பு, உடன்படிக்கை போன்றவை விசுவாசத்தின் எலும்பு. மாற்றாதீர்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் அர்த்தம் சொல்லுங்கள். உக்கிராணக்காரன், சேஷ்டபுத்திரபாகம் போன்றவை வழக்கொழிந்த சொற்கள். வாசித்தவுடன் ‘வீட்டு நிர்வாகி’, ‘மூத்த மகனுக்குரிய பங்கு’ என்று மாற்றிக்கொண்டு, அதன்பின் புதிய சொல்லிலேயே பேசுங்கள். மூன்றாவது வகைதான் ஆபத்து: எளிதாக மாற்றலாம் போலத் தெரிந்து, மாற்றினால் அர்த்தமே கவிழ்ந்துவிடுகிறவை.

ஆயக்காரன் இந்த மூன்றாவது வகை. ‘ஐராஸில் (சிங்கப்பூர் வரித்துறை) வேலை செய்கிறவர் மாதிரி’ என்று இங்கே பலமுறை சொல்லப்படுகிறது. ஐராஸ் அதிகாரி தன் நாட்டுக்காகச் சட்டப்படி வரி வாங்கும் சம்பளக்காரர், அவரை யாரும் வெறுப்பதில்லை. ஆயக்காரன் அந்நிய ஆட்சியின் பிடியில் இருந்த தன் சொந்த ஜனத்திடமே வசூலித்தவன். விதித்ததற்கு மேல் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வான் என்ற பெயர் அவனுக்கு இருந்தது. இங்கே அந்த வெறுப்புக்குப் பக்கத்தில் வருவது, ஆலோங்குக்காக, அதாவது சட்டவிரோத வட்டிக்காரனுக்காக, நம் புளோக்கிலேயே கதவில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றிவிட்டுப் போகும் நம் ஆள். அவன் ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் வந்து நின்றால் என்ன தோன்றும் என்று கேளுங்கள். அப்போதுதான் இயேசு சொன்ன முடிவு கேட்டவர்களுக்கு எப்படிக் குத்தியிருக்கும் என்பது புரியும்.

8. ஆங்கிலத்துல மொழிபெயர்க்கிறாங்க. பாதிக்கு மேல அவரு சொல்றது வேற மாதிரி போகுது.

பெரும்பாலும் தவறு மொழிபெயர்ப்பாளருடையது இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அது வரும் வரை அவர் வாயைத் திறக்க முடியாது. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘அண்ணன் கோபத்தோடு வெளியே நிற்பதைக் கேள்விப்பட்டு, விருந்தை விட்டு எழுந்து, வெளியே வந்து, அவனை வருந்தி அழைத்த தகப்பனுடைய அன்பை நாம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.’ யாரைப் பற்றிப் பேச்சு என்பதே பதின்மூன்று சொல்லுக்குப் பிறகுதான் தெரிகிறது. அதற்குள் மொழிபெயர்ப்பாளர் இரண்டு செயலை மறந்திருப்பார். இப்படி உடையுங்கள்: ‘அண்ணன் வெளியே நிற்கிறான். கோபமாக இருக்கிறான். தகப்பனுக்குத் தெரியவருகிறது. விருந்தை விட்டு எழுந்து வருகிறார். மகனிடம் கெஞ்சுகிறார்.’ மொழிபெயர்ப்பே இல்லாத சபையிலும் இது நல்ல பழக்கம்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மேடையில் மொழிபெயர்த்தால் 20 நிமிடத்தில் உங்கள் பங்கு 10 நிமிடம்தான். பிரசங்கத்தையே பாதியாக எழுதுங்கள். காதுக்கருவியில் உடனுக்குடன் மொழிபெயர்த்தால் நேரம் குறையாது, ஆனால் பத்திக்கு ஒரு முறை இரண்டு விநாடி நில்லுங்கள். எப்படியானாலும் வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு மூன்று விஷயம் போய்ச் சேரவேண்டும்: எல்லா வசனங்களும், அந்த ஒரே வாக்கியமும், நீங்கள் சொல்லப்போகும் நகைச்சுவையும். சிலேடையானால் விட்டுவிடுங்கள், அது கடலைத் தாண்டாது.

9. ஒரே சபையில ஐடி வேலைக்காரங்களும் டோர்மிட்டரி தம்பிமாரும் வீட்டு வேலை செய்யற அக்காமாரும் இருக்காங்க. யாருக்கு உதாரணம் சொல்றது?

நீங்கள் போன ஐந்து பிரசங்கங்களில் சொன்ன உதாரணங்களைப் பட்டியல் போடுங்கள். வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு), பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), மசே நிதி (மத்திய சேமநிதி), குடும்ப விடுமுறை என்றே இருந்தால் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் குடும்பத்தை இங்கே கூட்டிவர முடியாது, மசே நிதி அவர்களுக்குக் கிடையாது. மாறாக எல்லா உதாரணமும் வயலும் ஆட்டுமந்தையும் ஊர்த் திருவிழாவுமாக இருந்தால் ஈசூனில் பிறந்து வளர்ந்த பிள்ளை வெளியே நிற்கிறது.

ஒரு உதாரணத்தை எல்லோருக்கும் பொதுவாக்கப் பார்ப்பதைவிட, ஒரே கருத்துக்கு இரண்டு குறுகிய உதாரணம் நல்லது. ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்பதற்குக் கடன் அட்டை நிலுவையை ஒரு வரியில் சொல்லுங்கள், ஏஜெண்டுக்குக் கட்ட ஊரில் வாங்கின கடனை இன்னொரு வரியில் சொல்லுங்கள். பின்வரிசையில் ஒரு தலை நிமிரும். ஒன்றை மட்டும் தவிர்க்கவும்: தொழிலாளிகளைப் பரிதாபத்துக்குரிய உதாரணமாக மூன்றாம் ஆளாக்கிப் பேசுவது. அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

10. கழுகு நாற்பது வயசுல மலைமேல போய் அலகை உடைச்சுக்கிற கதை சொல்லலாமா? எல்லாருக்கும் பிடிக்குது.

பிடிக்கிறது, ஆனால் பொய். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினி கிடந்து சாகும். கழுகு சிறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வது உண்மை, அது போதும். இதே கூட்டத்தில் இன்னும் இரண்டு உண்டு. எருசலேமில் ‘ஊசியின் காது’ என்று சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் முழங்காலிட்டு நுழையும் என்பதற்கு இயேசுவின் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தக் கதை, முடியாததைச் சொன்ன வசனத்தைக் கொஞ்சம் சிரமப்பட்டால் முடியும் என்று மாற்றியும் விடுகிறது. பிரதான ஆசாரியனின் காலில் கயிறு கட்டி மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்பினார்கள் என்பதும் வேதாகமத்தில் இல்லை, இடைக்கால யூத நூல்வழி வந்தது.

உட்கார்ந்திருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை அங்கேயே கைப்பேசியில் தேடிப் பார்க்கும். கழுகு பொய் என்று கண்டபின் உயிர்த்தெழுதலைப் பற்றி நீங்கள் சொல்வதை அது எந்தக் கணக்கில் வைக்கும்?

11. கிரேக்க மூலச்சொல் சொன்னா ஆழமா இருக்குமே?

பாதிக்குப் பாதி தவறாகத்தான் சொல்லப்படுகிறது. ‘பெலன்’ என்பதற்குக் கிரேக்கத்தில் டுனமிஸ், அதிலிருந்துதான் டைனமைட், ஆகவே சுவிசேஷம் வெடிகுண்டு என்பது புகழ்பெற்ற ஒன்று. ஆல்ஃபிரட் நோபெல் டைனமைட்டைக் கண்டுபிடித்தது 1860-களில். பவுல் அதை நினைத்து எழுதியிருக்க முடியாது. பின்னால் பிறந்த சொல்லின் அர்த்தத்தை முன்னால் இருந்த சொல்லில் ஏற்றக்கூடாது.

மூலச்சொல் நிஜமாகவே உதவும் இடமும் உண்டு. ஆயக்காரன் சொன்ன ‘கிருபையாயிரும்’ கிரேக்கத்தில் பாவநிவிர்த்தி பலியோடு உறவுள்ள வினை. பலி செலுத்தப்படும் ஆலயத்தில் நின்று அவன் அதைக் கேட்கிறான். இதைச் சொல்ல ஒரு வரி போதும், கிரேக்க உச்சரிப்பு வேண்டாம்.

12. மூணு பாயிண்ட், மூணும் ஒரே எழுத்துல தொடங்கணுமா?

வேண்டியதில்லை. ‘பார்த்தார், பரிவுகொண்டார், பாதுகாத்தார்’ என்று மோனை தானாக அமைந்தால் நினைவில் நிற்கும். நமக்கு அந்த ஓசையில் ஒரு மயக்கம் இருக்கிறது. மூன்றாவது சொல் கிடைக்காமல் அகராதியைப் புரட்டத் தொடங்கினால் நிறுத்துங்கள், அந்த மூன்றாவது கருத்து பகுதியில் இல்லை. லூக்கா 18-ன் பகுதிக்கு இரண்டு ஆள், இரண்டு ஜெபம், ஒரு தீர்ப்பு. அதற்குள் மூன்று பாயிண்ட்டைத் திணித்தால் கதை உடையும்.

13. ‘பக்கத்துல இருக்கறவங்களப் பாத்துச் சொல்லுங்க’ன்னு அடிக்கடி சொல்றது சரியா?

ஒரு பிரசங்கத்துக்கு அதிகபட்சம் ஒரு முறை. புதிதாக வந்தவருக்கு அது தர்மசங்கடம். பேசுகிறவருக்கு அடுத்த குறிப்பைத் தேட அவகாசம், அவ்வளவுதான்.

14. பவர்பாயிண்ட் போட்டா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது.

பெரும்பாலும் உங்கள் தமிழ் எழுத்துரு சபைக் கணினியில் இருக்காது. யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். 36 புள்ளிக்குக் குறையாத எழுத்து, ஒரு திரைக்கு ஐந்து வரி. தமிழில் மேலும் கீழும் கொம்பும் சுழியும் வருவதால் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். வசனமும் அந்த ஒரே வாக்கியமும் திரையில் இருந்தால் போதும். உங்கள் குறிப்புகளைத் திரையில் போட்டால் அவர்கள் உங்களுக்கு முன்னால் வாசித்து முடித்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

15. சபையில நடந்த விஷயத்தைப் பேர் சொல்லாம உதாரணமா சொல்லலாம்ல?

கூடாது. தமிழ்ச் சபை சிறியது. ‘உட்லண்ட்ஸில் இருக்கிற ஒரு சகோதரி, மகன் தேசிய சேவையில்’ என்று சொன்னவுடன் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் திரும்ப மாட்டார், அந்தச் சகோதரி. ஆலோசனைக்கு வந்து சொன்னதை, எத்தனை வருடம் ஆனாலும், எடுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவர் தானாக முன்வந்து ‘சொல்லுங்கள்’ என்றால், சொல்லப்போகும் வாக்கியத்தை அப்படியே அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். ஒளிபரப்பாகிறது என்பதையும் சொல்லுங்கள்.

16. மத்த மதங்களைப் பத்திப் பேசலாமா? உண்மையைச் சொல்லத்தானே மேடை?

உங்கள் விசுவாசத்தைச் சொல்ல மேடை. அடுத்தவர் வழிபாட்டைக் கேலி செய்ய அல்ல. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-ல் நிறைவேறி 1992-ல் நடப்புக்கு வந்தது, 2019 திருத்தங்கள் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தன. சமயங்களுக்கிடையே பகைமை மூட்டுகிறவர்மீது அமைச்சர் தடை உத்தரவு போடலாம், அது உடனே செல்லும். சமயத்தின் பெயரில் அரசியல் நோக்கத்தை முன்னெடுப்பதும் இதில் அடங்கும், தேர்தல் நேரத்தில் நினைவிருக்கட்டும். 2010-ல் ஒரு போதகர் பௌத்த, தாவோ நம்பிக்கைகளைக் கிண்டல் செய்த காணொளிகளுக்காக விசாரிக்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். 2017-ல் இந்தியாவிலிருந்து வந்திருந்த ஓர் இமாமுக்கு, கிறிஸ்தவர்களுக்கும் யூதர்களுக்கும் எதிராக உதவி கேட்ட வேண்டுதலுக்காக, 4,000 வெள்ளி அபராதம் விதித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் இது மோசமான பிரசங்கம். உங்கள் சபையில் பாதிப் பேருக்கு இந்து உறவினர்கள் இருக்கிறார்கள். அம்மா வணங்குவதை நீங்கள் ‘கல்’ என்று ஏளனமாகச் சொல்லும்போது மகன் காதை மூடிக்கொள்கிறான், அதன்பின் நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. சரியா தவறா என்று சோதிக்க ஒரு வழி: அந்தச் சமயத்து அயல்வீட்டார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அதே வாக்கியத்தை அதே தொனியில் சொல்வீர்களா?

17. தமிழ்நாட்டுலேர்ந்து ஒரு பிரசங்கியார் சுற்றுலா வர்றாரு. ஞாயித்துக்கிழமை பேச வைக்கலாமா?

சுற்றுலா அனுமதியோடு மட்டும் வந்திருந்தால் வேண்டாம். சமயம் பற்றிப் பேச வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் வொர்க் பாஸ் வேண்டும். அழைக்கும் அமைப்பு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதிகபட்சம் 60 நாள். அவர் வந்ததும் 16-ஆம் பதிலை அவரிடம் முழுவதும் சொல்லுங்கள். ஊர் மேடையில் கைதட்டு வாங்குகிற சில வரிகள் இங்கே வழக்காகும்.

18. ‘இந்த மாசம் உங்க பிஆர் கிடைக்கும்’னு விசுவாசத்தோட சொல்லலாமா? ஜனங்க அதைத்தான் கேக்க வர்றாங்க.

பிஆர், அதாவது நிரந்தரவாசம், கொடுக்க நீங்கள் குடிநுழைவு அதிகாரி இல்லை. அந்த மாதம் மறுப்புக் கடிதம் வந்தவர், ‘என் விசுவாசத்தில் குறை’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வராமல் போவார். யார் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது, சாட்சி சொல்ல வந்தவரைத்தான் பார்ப்பீர்கள்.

எரேமியா 29:11-ஐ ஒருமுறை முழு அதிகாரத்தோடு வாசித்துக் காட்டுங்கள். சமாதானத்துக்கேதுவான அந்த நினைவுகள் பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டவை, அதற்கு முந்தின வசனத்தில் காலக்கெடு எழுபது வருஷம். அந்நிய நாட்டில் வீடு கட்டிக் குடியிருங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதும் அதே கடிதம்தான். வெளிநாட்டில் அனுமதி அட்டையோடு வாழும் சபைக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைக்காது. அதை ஒற்றை வசனமாக அறுத்து நாட்காட்டியில் ஒட்டிவிட்டோம்.

19. சாட்ஜிபிடி கிட்ட பிரசங்கம் எழுதச் சொன்னா அழகா எழுதுது. தப்பா?

அது இல்லாத வசன எண்ணைக் கொடுக்கும், நடக்காத சம்பவத்தை நடந்ததாகச் சொல்லும், இரண்டையும் நம்பிக்கையோடு சொல்லும். பின்னணித் தகவல் தேட, உங்கள் ஆங்கிலக் குறிப்பைச் சுருக்க வைத்துக்கொள்ளலாம். வருகிற ஒவ்வொரு வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், கதைகளைத் தூக்கிப் போடுங்கள். அது எழுதும் தமிழ் பெரும்பாலும் ஆங்கில எலும்பின்மேல் போர்த்திய தமிழ், வாய்விட்டு வாசித்தால் தெரிந்துவிடும். 3-ஆம் பதிலின் வியாழக்கிழமை வேலையை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள். அதனிடம் கேட்டால் ‘தாழ்மையாக இருக்க வேண்டும்’ என்றுதான் முதலில் வரும்.

20. வாய்ட் டெக்ல துக்க வீட்டுல பேசச் சொல்றாங்க. என்ன செய்யறது?

ஏழு நிமிடம். புளோக்கின் கீழ்த்தளத் திறந்த இடம், மின்விசிறிச் சத்தம், லிஃப்டுக்குப் போகிற அயல்வீட்டார், பக்கத்தில் தேநீர் ஊற்றுகிறவர் இவ்வளவுக்கும் நடுவில் பேசுகிறீர்கள், ஆகவே சின்ன வாக்கியம். ஒரே ஒரு பகுதி, இறந்தவரைப் பற்றி உண்மையான இரண்டு வரி, உயிர்த்தெழுதலின் நம்பிக்கை. வந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் வேறு சமயத்தவராக இருப்பார்கள். அங்கே கை உயர்த்தச் சொல்லி அழைப்புக் கொடுப்பது அழுகிறவர்களைப் பிடித்து உலுக்குவது போல. மண்டாய் தகன நிலையத்தில் நேரம் ஒதுக்கித் தருகிறார்கள், அங்கே இன்னும் சுருக்கம்: வசனம், ஜெபம், போதும். இறந்த விதம் தற்கொலையாக இருந்தால் நித்தியத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

21. பரிசேயன் கதையை நல்லாத்தான் சொன்னேன். முடிச்சதும் ஒருத்தர் வந்து ‘நல்லவேளை நம்ம சபையில அப்படிப்பட்டவங்க இல்ல’ன்னாரு. எங்க தப்பு?

இந்தப் பகுதியின் பொறியே இதுதான். ‘நாம் பரிசேயனைப்போல் இருக்கக்கூடாது’ என்று முடித்தால், கேட்டவர் ‘தேவனே, நான் அந்தப் பரிசேயனைப்போல் இல்லாததற்கு நன்றி’ என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வார்த்தைக்கு வார்த்தை பரிசேயனுடைய ஜெபம்.

பரிசேயனை வில்லனாக அறிமுகப்படுத்தியதுதான் தவறு. கதையைக் கேட்ட முதல் கூட்டத்துக்கு அவன் மரியாதைக்குரியவன். நம் சபையில் இருந்தால் அவனைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருப்போம்: காணிக்கை ஒழுங்கு, உபவாசம் ஒழுங்கு, யாருக்கும் கடன் வைக்காதவன். முதல் எட்டு நிமிடம் கேட்கிறவர்கள் அவனை விரும்பட்டும், ‘நம்ம மாதிரி’ என்று தலையாட்டட்டும். பிறகு 7-ஆம் பதிலில் சொன்ன ஆளைப் பின்வரிசையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன் பிறகுதான் தீர்ப்பு. பயன்பாடு என்று தனியாக ஐந்து நிமிடம் சேர்க்க வேண்டியதில்லை. ‘பின்வரிசையில் அவன் நிற்கிறான். உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று கேட்டுவிட்டு ஆயக்காரனின் ஜெபத்தையே சபையின் ஜெபமாகச் சொல்லவைத்து உட்காருங்கள்.

22. நல்லா இருந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? வாசல்ல எல்லாரும் ‘ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு பிரதர்’னுதான் சொல்றாங்க.

அது வணக்கம் மாதிரி, பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேரிடம் கேளுங்கள்: பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, விடுதியிலிருந்து வரும் தம்பி ஒருவர், எழுபது வயதுப் பெரியம்மா ஒருவர். ‘நல்லா இருந்ததா?’ என்று கேட்காமல், ‘ஞாயிற்றுக்கிழமை எதைப் பற்றிப் பேசினேன்?’ என்று கேளுங்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னால் சரி. மூன்று வெவ்வேறு விஷயம் சொன்னால் உங்கள் பிரசங்கத்தில் மூன்று பிரசங்கம் இருந்திருக்கிறது, வியாழக்கிழமைக்குத் திரும்பிப் போங்கள். உதாரணத்தை மட்டும் சொன்னால் உதாரணம் பகுதியைவிடப் பெரிதாகிவிட்டது. பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் நினைவில்லை என்றால் 6-ஐயும் 7-ஐயும் பாருங்கள். பெரியம்மா மட்டும் ‘காது கேக்கலப்பா’ என்றால், ஒலிப்பெருக்கி பார்க்கும் தம்பியிடம் முதலில் பேசுங்கள்.